மேலே எந்தத் திசை?

போன மாதம் ரேவதி போன் செய்தாள். என்னோடு கடைசிச் சில ஆண்டுகள் வேலை பார்த்த பெண். இப்போது திருவிடந்தைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இருக்கிறாள். அவள் வகுப்புச் சுவரில் பெரிய டிவி மாட்டியிருக்கிறார்களாம். விரலால் தொட்டால் மேப் வருமாம்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா குப்பத்துப் பசங்க மட்டும் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பப் பண்றாங்க. மேலே எந்தத் திசைன்னு கேட்டா மேற்குங்கறாங்க. தப்புன்னு போட்டுடவா?”

“போடாதே.”

“தப்புதானே டீச்சர்?”

“போடாதே. ஏன்னு எழுதி அனுப்பறேன்.”

எழுத எனக்கு வராது. போர்டில் எழுதித்தான் பழக்கம். நான் படித்தது பத்தாவது. அதற்கு மேல் இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி. அவ்வளவுதான். ஆனால் இதை எழுதாமல் விட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. தொண்ணூறுகளில் நான் பார்த்த அதே தப்பு. அது பிள்ளைகளுடைய தப்பு அல்ல, கேட்டவர்களுடையது. இன்றைக்கும் அதையே கேட்கிறார்கள், அதற்கே சைபர் போடுகிறார்கள்.

பயிற்சிப் பள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சார்ட் வரையச் சொன்னார்கள். வரைந்தோம். மேப்பில் மலைக்குப் பழுப்பு, வயலுக்குப் பச்சை, கடலுக்கு நீலம் என்றார்கள். நாற்பது நிமிடத்தில் ஒரு பாடத்தை எப்படி முடிப்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். முடித்த பிறகு பிள்ளைக்கு என்ன புரிந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை யாரும் சொல்லவில்லை.

வேலை கிடைத்தது மகாபலிபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில் ஒரு மீனவக் குப்பத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒரே கட்டடம், இரண்டு அறை. ஆசிரியர் இரண்டு பேர். தலைமை ஆசிரியர் தணிகாசலம் சார், பிறகு நான். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு வரலாறு புவியியல் என் பொறுப்பு.

மூன்றாம் வகுப்பில் பாடம் நம் மாவட்டம். அதிலேயே ஒரு கூத்து. நான் சேர்ந்தபோது ஒரு தலைவரின் பெயரோடு சேர்ந்த செங்கல்பட்டு மாவட்டம். பிறகு காஞ்சிபுரம் மாவட்டம். நான் ஓய்வு பெற்ற பிறகு மறுபடியும் செங்கல்பட்டு. பிள்ளைகள் ஊரைவிட்டு ஓர் அடி நகரவில்லை. பழைய பெயரை எழுதிய பிள்ளைக்கு மட்டும் மார்க் போயிற்று.

வரலாறு நடத்துவதில் எனக்குக் கஷ்டமில்லை. பல்லவர் பாடம் வந்தால் பிள்ளைகள் எனக்கே சொல்லித் தருவார்கள். அந்தக் கல் யானையின் முதுகில் ஏறி உட்காராத பையன் குப்பத்தில் கிடையாது. காவலாளி துரத்தினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதும் தெரியும். மகாபலிபுரம் எதற்குப் பெயர் பெற்றது என்று ஒரு பரீட்சையில் கேட்டேன். ஒருவன் ‘வெள்ளைக்காரன்’ என்று எழுதியிருந்தான். அவன் மாமா அங்கே பாசிமணி விற்கிறார். அரை மார்க் போட்டேன்.

புவியியலில்தான் சிக்கல். அதுவும் முதல் வாரத்திலேயே.

எங்கள் பள்ளிக் கட்டடத்துக்கு வாசல் கிழக்கே, கடலைப் பார்த்து. ஜன்னல் மேற்கே, ரோட்டைப் பார்த்து. கரும்பலகை தெற்குச் சுவரில். அதற்கு மேலே ஓர் ஆணி. இந்தியப் படத்தை அந்த ஆணியில்தான் மாட்ட வேண்டும். மாட்டினேன். கோலால் தொட்டு, “இது வங்காள விரிகுடா. நம்ம கடல்,” என்றேன்.

வகுப்பு சிரித்தது.

“இன்னாடா சிரிப்பு?”

“டீச்சர், கடல் ரோட்டாண்ட கீது,” என்றான் ஒருவன்.

திரும்பிப் பார்த்தேன். தெற்குச் சுவரைப் பார்த்து நின்றால் வலது கை மேற்கு. படத்தின் வலது பக்கம் வங்காள விரிகுடா. வாசலுக்கு வெளியே கடல் இரைந்துகொண்டிருக்கிறது. என் கோல் ரோட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அவன் சொன்னது சரி.

இன்னொன்று. எங்கள் பக்கம் மேற்கை யாரும் மேற்கு என்று முழுசாகச் சொல்வதில்லை. மேலாண்ட என்பார்கள். கிழக்கு என்றால் கீழாண்ட. தரையே அப்படித்தான். ரோட்டுப் பக்கம் மேடு, கடல் பக்கம் பள்ளம். மேலே போறேன் என்றால் ரோட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம். அந்தப் பிள்ளையிடம் மேலே எந்தத் திசை என்று கேட்டால் அது வேறு என்ன சொல்லும்? மேல் என்றால் மேற்கு. நம் பாஷை அப்படி. கேட்பவருக்கும் அதே பாஷைதான். ஆனால் மேப்பின் முன் நின்றதும் அவருக்கு மறந்துவிடுகிறது.

ஆணியை வடக்குச் சுவருக்கு மாற்றலாம் என்று தணிகாசலம் சாரிடம் கேட்டேன்.

அவர் நல்ல மனிதர். யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. பயம் மட்டும் அதிகம். எதைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நாம் கேட்டதை மறந்துவிட மாட்டோமா என்று பார்ப்பார்.

“வடக்குச் சுவத்துல தலைவருங்க படம் இருக்கே டீச்சர்.”

“பக்கத்துல இடமிருக்கு சார்.”

“இருக்கு. இருந்தாலும் மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிக்கலாம்.”

“ஓர் ஆணி சார்.”

“ஆணிதான். அரசாங்கச் சுவரு.”

மேலிடம் என்ற வார்த்தை பிள்ளைகள் காதில் விழுந்தது. மேலிடம் என்றால் மேலாண்ட இருக்கிற இடமா டீச்சர் என்று கேட்டார்கள். அதுவும் சரிதான். எங்கள் அதிகாரிகள் எல்லாரும் மேற்கேயிருந்துதான் வருவார்கள்.

ஆணி வரவில்லை. படத்தைத் தரைக்குக் கொண்டு வந்தேன்.

அதை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். ரேவதி, இது உனக்கு. முதலில் தரையைப் பெருக்கிப் பாய் விரிக்க வேண்டும். பிள்ளைகள் கை கழுவிவிட்டு வர வேண்டும். படத்தை விரித்து நான்கு மூலையிலும் கல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடல் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். மகாபலிபுரம் சிற்பப் பட்டறையில் உடைந்து கிடக்கும் கல் துண்டுகளை ஒரு பெண் பொறுக்கிக்கொண்டு வந்தாள். பிறகு படத்தைத் திருப்ப வேண்டும். நீலம் வாசல் பக்கம் வரும்வரை திருப்ப வேண்டும். படத்தின் கடலும் நிஜக் கடலும் ஒரே பக்கம் வந்ததும் நிறுத்த வேண்டும். பிள்ளைகளே ‘போதும் டீச்சர்’ என்பார்கள்.

சுற்றிலும் உட்கார்ந்துகொள்வார்கள். ஒவ்வொருவர் கையிலும் புளியங்கொட்டை. சென்னை எங்கே, செங்கல்பட்டு எங்கே. கொட்டையை வைத்தால் போதாது. வைத்த பிறகு எழுந்து நின்று அந்த ஊர் இருக்கிற பக்கம் கையை நீட்ட வேண்டும். செங்கல்பட்டு என்றால் ஜன்னல் பக்கம். சென்னை என்றால் தலைவர்கள் படத்தின் பக்கம். அம்மா மீன் விற்கப் போகும் புதுப்பட்டினம் என்றால் கரும்பலகையின் பக்கம். டெல்லிக்குக் கை நீட்டிவிட்டு ஒருவன், “ரொம்ப தூரம் டீச்சர், கை வலிக்குது,” என்றான்.

இது நன்றாக ஊறிய பிறகுதான் கடைசிக் காரியம். படத்தின் தெற்கு ஓரத்தை இரண்டு பிள்ளைகள் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வடக்கு ஓரத்தை நான் பிடித்து மெதுவாகத் தூக்குவேன். தூக்கித் தூக்கி வடக்குச் சுவரோடு நிறுத்துவேன். இமயமலை என் கையில், குமரிமுனை தரையில்.

“இப்ப எது மேல வந்துச்சு?”

“வடக்கு.”

“ஏன் வந்துச்சு?”

“நீங்க தூக்கினீங்கோ.”

இவ்வளவுதான் பாடம். மேப்பில் வடக்கு மேலே இருப்பது நாம் தூக்கியதால். ஊரில் மேலே என்றால் மேற்கு. இரண்டும் வேறு. எந்த மேலே என்று தெரிந்துகொண்டு பதில் சொல். என் பிள்ளைகள் இதை இரண்டு வருடம் தப்பில்லாமல் செய்தார்கள்.

மூன்றாவது வருடம் அதிகாரி வந்தார்.

அவர் பெயரும் வேண்டாம். ஒன்றியத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அவர்தான் மேலதிகாரி. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. வந்தால் உட்கார மாட்டார். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைப்பார், துடைத்த பிறகும் நிற்பார். கேள்வி கேட்கும்போது பிள்ளையைப் பார்க்க மாட்டார். பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்பார். பதில் வருவதற்கு முன்னாலேயே ‘ம்’ என்பார். நல்ல பதிலுக்கும் அதே ‘ம்’, தப்புக்கும் அதே ‘ம்’. பிள்ளை எதையென்று எடுத்துக்கொள்ளும்? இளநீர் மட்டும் உட்கார்ந்து குடிப்பார். குடித்துக்கொண்டே தன் ஊரைப் பற்றிப் பேசுவார். மேல வீதியில் கோயிலை ஒட்டி வீடாம். அங்கே காவிரித் தண்ணீர், இங்கே உப்புத் தண்ணீர் என்பார்.

அன்றைக்கு அவர் உள்ளே வந்தபோது படம் தரையில் இருந்தது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னம்மா இது?”

“இந்தியா சார்.”

“அது தெரியுது. ஏன் கீழே கிடக்கு?”

சொன்னேன். நீலம் வாசல் பக்கம் என்றேன். அவர் கேட்கவில்லை. குமரிமுனைப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை மடக்கித்தான் உட்கார்ந்திருந்தாள். படத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.

“தேசத்தைத் தரையில போட்டு, புள்ளைங்க காலடியில வெச்சிருக்கீங்க.”

“யாரும் மிதிக்கல சார்.”

“மிதிச்சாத்தானா? எடுத்து மாட்டுங்க. ஆணி எதுக்கு இருக்கு?”

“அந்த ஆணியில மாட்டினா கடல் தப்பான பக்கம் வருது சார்.”

“கடல் எங்கேயும் போகாது. மாட்டுங்க.”

தணிகாசலம் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். படத்தைச் சுருட்டினேன். தெற்குச் சுவரில் மாட்டினேன். அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. தேசப்படத்தை அவமதித்ததற்கு விளக்கம் கேட்டு. விளக்கம் கொடுத்தேன். இனிமேல் தரையில் விரிக்கக் கூடாது என்று பதில் வந்தது. வேலை போய்விட்டால் எனக்கு வேறு போக்கு கிடையாது. விரிக்கவில்லை. தெற்குச் சுவரைப் பார்த்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். மேப்பில் மேலே வடக்கு, மேப்பில் கீழே தெற்கு. புளியங்கொட்டை டப்பாவில் கிடந்தது.

அந்த வருடம்தான் கன்னியம்மா ஐந்தாம் வகுப்பு. அதிகாரி காலைப் பார்த்தாரே, அந்தப் பெண்.

கன்னியம்மாவின் அம்மா எல்லம்மா புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். அப்பா இல்லை. கன்னியம்மாவுக்கு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கடல் எந்தப் பக்கம் என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துவிட்டால் பிறகு எதைக் கேட்டாலும் சொல்வாள். புத்தி அப்படி.

குப்பத்தில் பெண் பிள்ளைகளின் படிப்பு ஐந்தோடு சரி. ஆறாவதுக்கு மகாபலிபுரம் போக வேண்டும். பஸ் குப்பத்து நிறுத்தத்தில் நிற்காது. மீன் கூடையைப் பார்த்தாலே டிரைவர் வேகம் கூட்டிவிடுவார். அதனால் ஐந்து முடித்த பெண், அடுத்த வாரமே கருவாடு காயப்போடும் மணலில் இருப்பாள்.

அப்போது செங்கல்பட்டில் ஒரு டிரஸ்ட் பெண்கள் பள்ளி நடத்திக்கொண்டிருந்தது. விடுதியோடு. சாப்பாடு, துணி எல்லாம் இலவசம். எங்கள் ஒன்றியத்திலிருந்து வருடம் ஒரு பெண்ணை ஆறாம் வகுப்புக்கு எடுத்துக்கொள்வார்கள். தேர்வு வாய்மொழியாக. கேட்பவர் எங்கள் அதிகாரி. கன்னியம்மாவை அனுப்பலாம் என்று எல்லம்மாவிடம் சொன்னேன்.

“எடுத்துக்குவாங்களா டீச்சர்?”

“கேட்டதுக்குச் சொன்னா எடுத்துக்குவாங்க.”

“அது சொல்லும். அதோட வாய அடைக்கத்தான் முடியாது,” என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கூடையைச் சரி செய்துகொண்டிருந்தாள். “போனா இந்த நாத்தத்துல கெடக்க வேணாம்,” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். ஆனால் மறு வாரம் ஒரு தகரப் பெட்டி வாங்கி வைத்திருந்தாள்.

மூன்று பேரும் செங்கல்பட்டுக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏரியைப் பார்த்ததும் கன்னியம்மா நின்றுவிட்டாள்.

“இது கடலா டீச்சர்?”

“ஏரி. கொளவாய் ஏரி.”

“அலை இல்ல,” என்றாள். “அப்ப கடல் எங்க?”

“நாம வந்த பக்கம்.”

சூரியனைப் பார்த்தாள். பஸ் வந்த ரோட்டைப் பார்த்தாள். கையை நீட்டினாள். சரியாகக் கிழக்கே.

“அத்த வுடு, வா,” என்றாள் எல்லம்மா. “கடல் எங்க கீதுன்னு கேக்கறதுக்கா செங்கல்பட்டு வந்தோம்?”

தேர்வு ஒரு பெரிய அறையில். மேஜைக்குப் பின்னால் எங்கள் அதிகாரி. பக்கத்தில் டிரஸ்டுக்காரர் ஒருவர், பேசாமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில் இந்தியப் படம். ஆசிரியர்கள் கதவுக்கு வெளியே நிற்கலாம். நான் நிலையை ஒட்டி நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

கணக்குக் கேட்டார். சொன்னாள். தமிழில் ஒரு பத்தி படிக்கச் சொன்னார். படித்தாள். பல்லவர் தலைநகரம் கேட்டார். காஞ்சிபுரம் என்றாள். எல்லாவற்றுக்கும் ‘ம்’. பிறகு, மேஜை மேலிருந்த அடுத்த பிள்ளையின் பேப்பரைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“மேலே எந்தத் திசை?”

படத்தைக் காட்டவில்லை. மேப்பில் என்று சொல்லவில்லை. தலையைத் தூக்கவில்லை. கன்னியம்மா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்தாள். கையை நீட்டி, “மேற்கு சார். அந்தப் பக்கம்,” என்றாள்.

நிஜமாகவே அதுதான் மேற்கு.

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். டிரஸ்டுக்காரரிடம் திரும்பி, “மேலே மேற்காம். அப்ப கீழே?” என்றார்.

“கிழக்கு சார்.”

“இமயமலை மேற்கே இருக்கா?”

“இல்ல சார். வடக்க.”

“இப்பத்தானே மேலே மேற்குன்ன?”

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உள்ளே போனேன்.

“சார், மேப்புல மேலேன்னு கேளுங்க. சொல்லுவா.”

“நீங்க வெளியே நில்லுங்கம்மா.”

“ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்க சார். பொண்ணு தமிழ்ல பதில் சொல்லுது.”

“நான் என்ன இந்தியிலயா கேட்டேன்?”

“உங்க ஊர்ல மேல வீதின்னு சொல்லுவீங்களே சார். அது எந்தத் திசை?”

“மேற்கு.”

“அதைத்தான் சார் அவளும் சொன்னா.”

அவர் கொஞ்சம்கூட அசையவில்லை. பேனா மூடியைத் திருகினார்.

“அது வீதி. இது மேப்,” என்றார். “அடுத்த பிள்ளையைக் கூப்பிடுங்க.”

டிரஸ்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த பேப்பரை எடுத்துக்கொண்டார்.

இடம் வேறொரு பள்ளிப் பெண்ணுக்குப் போயிற்று. நன்றாகப் படித்தாள் என்று கேள்வி. அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. வெளியே வந்து எங்கள் அதிகாரியிடம் மறுபடி கேட்டேன். “திசை தெரியாத பொண்ணை எப்படிம்மா அனுப்பறது?” என்றார். திசை தெரியாத பொண்ணு. இந்த வார்த்தைக்கு இன்றுவரை எனக்கு ஆறவில்லை. ஏரிக் கரையில் நின்று கண்ணுக்குத் தெரியாத கடலைக் கை நீட்டிக் காட்டிய பெண்ணை அப்படிச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கன்னியம்மா கேட்டாள்.

“தப்பா சொல்டேனா டீச்சர்?”

“இல்ல.”

“அப்ப ஏன் எடுத்துக்கல?”

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லம்மா சொன்னாள்.

“அவுருக்கு மேலன்னா வேறயாம். அவுர கட்டுமரத்துல ஏத்தி நடுக்கடல்ல வுட்டு, மேலாண்ட வா நைனான்னு சொல்லணும். எங்க போறார்னு பாக்கலாம்.”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லம்மா சிரிக்கவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கன்னியம்மாவை மகாபலிபுரம் பள்ளியில் சேர்த்தேன். சில வாரம் போனாள். பஸ் நிற்கவில்லை. நடந்து போய்ச் சேர்ந்தால் முதல் பாடம் முடிந்திருக்கும். வெளியே நிற்க வைத்தார்கள். பிறகு நின்றுவிட்டாள். தகரப் பெட்டியில் எல்லம்மா கருவாடு போட்டு வைத்தாள்.

அதற்கு மறு வாரம் நான் கடையில் ஓர் ஆணி வாங்கினேன். பட்டறைக் கல்லால் வடக்குச் சுவரில் அடித்தேன். தணிகாசலம் சார் சத்தம் கேட்டு வந்தார். என்னைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

“நான் ஒண்ணும் பாக்கல டீச்சர்.”

“சரி சார்.”

“கொஞ்சம் சாஞ்சிருக்கு. நேரா அடிங்க.”

படத்தை மறுபடி தரையில் விரித்தேன். மெமோ வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். வரவில்லை. அந்த அதிகாரி பதவி உயர்வில் போய்விட்டார். அடுத்து வந்தவர் படம் எந்தச் சுவரில் இருக்கிறது, தரையில் இருக்கிறதா என்று எதையும் பார்க்கவில்லை. இளநீர் குடித்தார், போனார். யாருக்கும் அக்கறை இல்லாத ஒரு விஷயத்துக்குத்தான் எனக்கு மெமோ. அதற்குத்தான் ஒரு பெண்ணின் படிப்பு போயிற்று.

சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை. பள்ளி இல்லை. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பள்ளிச் சுவர் நின்றது, கடல் பக்கத்து வீடுகள் நிற்கவில்லை. ரோட்டுக்கு மேற்கே புதிதாக வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த வருடம் அதற்கான கூட்டம் எங்கள் பள்ளியிலேயே நடந்தது. பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு நான் பின்னால் நின்றேன்.

ஓர் இளம் இன்ஜினியர் வந்திருந்தார். பெரிய தாளில் மனைகளின் வரைபடம். அதை என் ஆணியில் மாட்டினார். வடக்குச் சுவரில். நான்கு புறமும் வரிசை வரிசையாகக் கட்டம்.

“மேல் வரிசை ஒரு பிரிவுக்கு, கீழ் வரிசை ஒரு பிரிவுக்கு. யாருக்கு எதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க,” என்றார்.

பேச வேண்டியதே இல்லை. எல்லாருக்கும் மேல் வரிசைதான் வேண்டும். மேல் என்றால் மேற்கு. கடலிலிருந்து தள்ளி. மேடு. அலையைப் பார்த்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஒரே சத்தம். கடல் பக்கம் வீடு இழந்தவர்களுக்கே மேல் வரிசை என்று பெரியவர்கள் முடிவு சொன்னார்கள். கை தூக்கச் சொன்னார்கள். எல்லம்மா கை தூக்கினாள். அலை கொண்டுபோன அவள் பழைய வீடு கடலை ஒட்டிய முதல் வரிசையில் இருந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“சார், எந்த மேல?”

கன்னியம்மா. இடுப்பில் குழந்தை. அதற்குள் அவளும் புதுப்பட்டினத்தில் மீன் விற்கத் தொடங்கியிருந்தாள்.

“என்னம்மா?”

“மேலன்னு சொல்றியே. பேப்பர்ல மேலயா, ஊர்ல மேலயா?”

“ஏய், குந்து. பெரியவங்க பேசிகினு கீறாங்க,” என்றார் ஒருவர்.

“குந்தறேன் மாமா. அதுக்கு முன்ன அவுரு சொல்லட்டும்.”

இன்ஜினியர் தாளைப் பார்த்தார். மேல் ஓரத்தில் போட்டிருந்த அம்புக்குறியைப் பார்த்தார். “பேப்பர்லதான்மா. மேல… அதாவது வடக்கு,” என்றார்.

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வீடு கட்டப் போகிற இடத்தின் வடக்குப் பக்கம் குட்டை. ஐப்பசி மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மேடு என்று நினைத்துக் குட்டைக்குக் கை தூக்கியிருந்தார்கள். எல்லம்மாவின் கை இன்னும் இறங்கவில்லை.

அந்த இன்ஜினியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சிரிக்கவில்லை. தாளை ஆணியிலிருந்து எடுத்தார். பாய்கூட இல்லாமல் தரையில் விரித்தார். “கடல் எந்தப் பக்கம்மா?” என்று கன்னியம்மாவைக் கேட்டார். அவள் வாசலைக் காட்டினாள். அவர் தாளைத் திருப்பினார். கூட்டம் சுற்றி உட்கார்ந்தது. பெரியவர்கள் பலர் கால் நீட்டித்தான் உட்கார்ந்தார்கள். யாருடைய காலையும் யாரும் பார்க்கவில்லை. அரசாங்கத் தாள் தரையில் கிடப்பது யாருக்கும் அவமதிப்பாகப் படவில்லை. பிறகு எல்லாரும் எழுந்து இடத்துக்கே போனார்கள். காலடியால் அளந்து, மேற்கு எது, குட்டை எது என்று பார்த்து, குட்டைப் பக்கத்தை விளையாட்டு மைதானத்துக்கு விடச் சொல்லிவிட்டு வந்தார்கள். எல்லம்மாவுக்கு மேட்டில் வீடு கிடைத்தது.

ரேவதி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அந்த டிவியைக் கழற்றித் தரையில் போட முடியாது. தெரியும். ஒரு வார்த்தை சேர்த்துக் கேள். மேப்பில் மேலே எந்தத் திசை என்று கேள். அதற்கும் மேற்கு என்றால் தப்புப் போடு. ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்க உனக்குச் சோம்பல் என்றால் பிள்ளையின் மார்க்கில் கை வைக்காதே.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு தாள் பறக்காமல் வைத்த பட்டறைக் கற்களை நான் பொறுக்கி மூலையில் வைத்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா வந்தாள். சுவரில் ஆணியைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

“இன்னிக்கு நான் கேட்டதுக்கு இன்னா மார்க்கு டீச்சர்?” என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் வரவில்லை.